காலி இருக்கையை நம்பி ஒரு காதுகுத்து: ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஸ்டாண்ட்பை பயணம்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை கவிதாவின் மகள் யாழினிக்கு ஸ்ரீரங்கத்தில் காதுகுத்து வைத்திருந்தார்கள். குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல நேரம் காலை 10:30 முதல் 11:30 வரை. ஞாயிறு என்பதால் 12 மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். நல்ல நேரம் கொஞ்சம் தள்ளினாலும் அதற்குள் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அன்று கிடையாது.

எங்கள் சொந்த ஊர் உப்பிலியபுரம். நான் ஹைதராபாத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவி மலர்விழியும் நானும் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டார். ஆய்வுக்குழு வருகிறது, சனிக்கிழமை வரை இருக்கும், யாருக்கும் லீவு இல்லை என்றார். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு முன்னால் என்னை விட முடியாது. நான் வாதாடிப் பார்த்தேன். வேலையா காதுகுத்தா என்கிற மாதிரி ஒரு பார்வை வந்ததும் நிறுத்திக்கொண்டேன். மலரும் தனியாக ரயிலில் போக மாட்டேன் என்றுவிட்டாள்.

சனிக்கிழமை இரவே விமானத்தில் சென்னை போய், அங்கிருந்து பஸ் பிடித்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அன்று கடைசி சென்னை விமானம் இரவு 10:05க்கு. என் தொழிற்சாலையிலிருந்து விமான நிலையம் 61 கிலோமீட்டர். ஹைதராபாத்திலிருந்து நேரே பஸ் என்றால் பதினைந்து பதினாறு மணி நேரம். திருச்சிக்கு நேரடி விமானம் மாலைதான் போய்ச் சேரும். மிச்சமிருந்தது ஒரே வழி, ஞாயிறு காலை சென்னை வழியாக. ஹைதராபாத்–சென்னை விமானத்தில் இடம் இருந்தது. சென்னை–திருச்சி காலை விமானங்கள் இரண்டிலும் ஓர் இடம்கூட இல்லை. முகூர்த்த நாள்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஆறு வருடம் முன்பு கவிதாவின் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. மஸ்கட்டில் இருந்தேன், பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது, அவர்கள் தரவில்லை. அண்ணன் செய்ய வேண்டியதையெல்லாம் பெரியப்பா மகன் முருகன் செய்தான். கவிதா இதுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செவ்வாய் மாலை பிரபுவுக்கு போன் செய்தேன். திருச்சியில் பாலிடெக்னிக் படித்தபோது என் அறைத்தோழன். இப்போது ஒரு விமான நிறுவனத்தில், சென்னையில், பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் சூப்பர்வைசர். அவர்களுக்கு வருடத்துக்குச் சில இலவசப் பாஸ்கள் உண்டு. குடும்பத்துக்குக் கொஞ்சம், நண்பர்களுக்குக் கொஞ்சம். இலவசம் என்றாலும் வரியும் சிறு கட்டணமும் கட்ட வேண்டும். எங்கள் இருவருக்கும் ஹைதராபாத்–சென்னை–திருச்சி, ஆளுக்கு 1,640 ரூபாய் ஆயிற்று. ஆனால் இது டிக்கெட் அல்ல. காசு கொடுத்த பயணிகள் எல்லோரும் ஏறியபிறகு இருக்கை மிஞ்சினால் ஏற்றுவார்கள். ஸ்டாண்ட்பை என்பது இதுதான். மிஞ்சியதிலும் நிறுவனத்தின் ஊழியர்களுக்குத்தான் முதலிடம். நண்பர்கள் வரிசையின் கடைசியில்.

"ஃபுல்லுன்னு காட்டுதேடா" என்றேன்.

"ஃபுல்லுன்னு காட்டினா ஃபுல்லுன்னு அர்த்தம் இல்ல மாப்ள. காலைல ரெண்டு மூணு பேராவது வராம போயிடுவாங்க. வேற ஊர்லேருந்து வர்ற ஃப்ளைட் லேட்டாகும், அதுல நாலு பேரு விட்டுடுவாங்க. ஆனா சத்தியம் பண்ணித் தரமாட்டேன்."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னான். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. கவுண்டர்ல போயி காதுகுத்து, தாய்மாமன்னு கதை சொல்லாதே. கெஞ்சாதே. சண்டையும் போடாதே. நீ என்ன பண்ணினாலும் என் பேருலதான் எழுதுவாங்க. போன வருஷம் எங்க ஸ்டாஃப் ஒருத்தனோட பாஸ்ல வந்த கெஸ்ட்டு கேட்ல நின்னு கத்தினான். பாஸ் குடுத்தவனுக்கு ஒரு வருஷத்துக்குப் பாஸை நிறுத்திட்டாங்க. அவனோட அம்மா அப்பாவுக்கும் சேத்து."

சரி என்றேன். அப்போது அது சுலபமான வாக்குறுதியாகத்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை 6:05 விமானத்துக்கு வீட்டிலிருந்து டாக்சி, 42 கிலோமீட்டர், 1,080 ரூபாய். நான் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, ஷூ; பாஸில் போகிறவர்கள் ஒழுங்காக உடுத்த வேண்டும் என்பது பிரபுவின் கட்டளை. மலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டே கிளம்பிவிட்டாள், போய் மாற்ற நேரம் இருக்காது என்று. நாள் முழுக்க அவள் எடுத்த முடிவுகளில் இது முதலாவது நல்ல முடிவு. கையில் ஆளுக்கொரு தோள்பை, அவ்வளவுதான். ஸ்டாண்ட்பையில் போகிறவர்கள் பெட்டியைக் கவுண்டரில் போடக்கூடாது என்பது பிரபுவின் இன்னொரு கட்டளை. பெட்டி ஏறி நீங்கள் ஏறாமல் போனால் அதை இறக்கித் தேடுவதற்குள் எல்லோருக்கும் தாமதம். சீர்த்தட்டுகளை என் அப்பா அம்மா உப்பிலியபுரத்திலிருந்து வேனில் கொண்டுவருவதாக ஏற்பாடு. நாங்கள் கொண்டுபோக வேண்டியது குழந்தையின் தங்கக் கம்மல் ஒன்றுதான்.

ஹைதராபாத்தில் ஒரு சிக்கலும் இல்லை. முப்பது இருக்கை காலி. ஜன்னலோரம் கொடுத்தார்கள். 7:20க்குச் சென்னையில் இறங்கியபோது, இந்த உலகத்தில் ஸ்டாண்ட்பையைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று மலரிடம் சொன்னேன். 

சென்னையில் எங்களுக்கு இருக்கை எண் இல்லாத போர்டிங் பாஸ் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு கேட் வரை போகலாம். அங்கே பெயர் கூப்பிட்டால்தான் இருக்கை. முதல் விமானம் 8:15. புரொப்பல்லர் வைத்த சின்ன விமானம், 78 இருக்கை. 7:50க்கு கேட்டில் பெரிய கூட்டம். பாதிப்பேர் பட்டு வேட்டியும் பட்டுப்புடவையும். இவர்கள் ஒருவரும் வராமல் இருக்கப்போவதில்லை. எங்களுக்கு முன்னால் சீருடை இல்லாத ஊழியர்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்தது. கேட்டில் இருந்த பெண், "அடுத்ததுக்கு வெயிட் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடினார்.

அடுத்தது 9:40. திருச்சியில் 10:45. அதற்கடுத்தது மதியம் ஒன்றரை. சென்னையிலிருந்து காரில் போனால் 330 கிலோமீட்டர், எப்படி விரட்டினாலும் பகல் ஒன்றுக்குக் குறையாது. ஆக, 9:40ஐ விட்டால் நான் மாமன் இல்லை.

கவிதா போன் செய்தாள். "எங்கண்ணே இருக்க?"

"சென்னையில. அடுத்த ஃப்ளைட்டு."

"டிக்கெட் கையில இருக்குல்ல?"

இருக்கிறது என்று பொய் சொல்ல வாய்வரை வந்தது. "இல்ல பாப்பா. சீட்டு மிஞ்சினாத்தான் ஏத்துவாங்க. உறுதி இல்ல" என்றேன். அந்தப் பக்கம் நாதஸ்வர ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. "சரி, வா" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்டில் இருந்த பெண்ணிடம் போவதற்காக நான்கு முறை எழுந்தேன். நான்கு முறையும் மலர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "பிரபு அண்ணன் பேரு அதுல இருக்கு" என்றாள். இட்லி வாங்கினோம், இரண்டு செட் 480 ரூபாய். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மலர் இரண்டு செட்டையும் முடித்தாள்.

9:10. வரிசை உள்ளே போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டு ஊழியர்களில் ஒருவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொருவரையும் கூப்பிட்டார்கள். அவர்கள் போனதும் கேட்டில் இருந்த பெண் எங்களைப் பார்த்தார்.

"ஒரு சீட்தான் சார் இருக்கு. யாரு போறீங்க?"

மலரைப் பார்த்தேன். "என்னை என்ன பாக்கறீங்க? மாமன் நீங்களா நானா? போங்க" என்றாள். போர்டிங் பாஸில் 17C என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி, விமானத்துக்குக் கொண்டுபோகும் பஸ்ஸில் ஏறினேன்.

விமானத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டபிறகுதான் ஞாபகம் வந்தது. கம்மல் மலரின் கைப்பையில்.

என்னிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று அவள் வைத்திருந்தாள். அவசரத்தில் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். கதவு இன்னும் திறந்திருந்தது. மலரை அழைத்தேன்.

"கம்மல் உன்கிட்ட இருக்கு" என்றேன்.

"தெரியும். நீங்க பஸ்ஸுல ஏறினதுமே தெரியும். போனை வைங்க, ஏதோ பேரு கூப்பிடறாங்க."

"யார் பேரு?"

வைத்துவிட்டாள்.

9:31க்கு ஒரு வெள்ளை வேன் வந்து விமானத்தின் வால்பக்கம் நின்றது. இந்தச் சின்ன விமானங்களில் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும். அதனால் என் இருக்கையிலிருந்து படிக்கட்டு தெரிந்தது. முதலில் ஓர் அதிகாரி காகிதத்துடன் ஏறினார். அவருக்குப் பின்னால், புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் மனைவி. போர்டிங் பாஸ் வாங்கிய ஒரு பயணி கடைசிவரை கேட்டுக்கு வரவேயில்லையாம். அவருக்கு என்ன வேலையோ. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

என்னைக் கடந்து போகும்போது மலர் நிற்கவில்லை. கைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு 4Aக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரர், "முதல் தடவை ஃப்ளைட்டா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

திருச்சியில் 10:52க்கு இறங்கினோம். பெட்டி இல்லாததால் ஆறாவது நிமிடம் வாசலில் இருந்தோம். முன்பதிவு டாக்சி ஸ்ரீரங்கத்துக்கு 650 ரூபாய், 16 கிலோமீட்டர். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், தென்னூர்க்காரர், பெயர் பஷீர். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை மணிக்குள்ள போகணும்?"

"பன்னெண்டுக்குள்ள காது குத்தி முடிச்சாகணும் பாய்."

"அப்ப டவுனுக்குள்ள வேணாங்க. இன்னிக்கு முகூர்த்தம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா மாட்டிக்குவோம். பால்பண்ணை, சஞ்சீவி நகர், பைபாஸ் பாலம், அப்படியே திருவானைக்காவல். பதினொன்றரைக்கு விட்டுடறேன், இன்ஷா அல்லாஹ்."

பால்பண்ணையில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் எட்டு நிமிடம் நின்றோம். பஷீர் பாய் ஹார்ன் அடிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீங்க மூச்சு விடுங்க சார், லாரி தானா நகரும்" என்றார். பாலத்தில் ஏறியதும் காவிரி இருகரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் நிறுத்தச் சொல்லிப் பார்த்திருப்பேன்.

அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் மண்டபத்து வாசலில் 11:33க்கு நின்றோம். முருகன்தான் வெளியே நின்றிருந்தான். என் பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தபடியே சொன்னான்.

"உள்ள ஒரே பேச்சு. நேரம் போகுது, முருகன் மடியில வச்சுக் குத்திடலாம்னு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. நானும் வந்து உக்காந்துட்டேன். கவிதா கொழந்தையத் தரமாட்டேன்னுட்டா."

"என்ன சொன்னா?"

"ஒரு தடவை ஆளை மாத்தியாச்சு, இந்தத் தடவை வேணாம், அண்ணன் வரலேன்னா இன்னிக்கு காதே குத்த வேணாம்னா. அவ்வளவு பேரு முன்னாடி."

உள்ளே போனபோது கவிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணையின் அருகில் நின்றாள். என்னைப் பார்த்ததும் குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் ஷூவைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தேன். யாழினி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். வீடியோ காலில் மட்டுமே பழக்கம். "போன் மாமா" என்றாள், சந்தேகமாக. ஆமாம் என்றேன்.

ஆசாரி மஞ்சளால் பொட்டு வைத்து இடம் பார்த்தார். மலர் கைப்பையைத் திறந்து கம்மலை எடுத்துக் கொடுத்தாள். 11:44க்கு வலது காது. குழந்தை அலறிய அலறலில் என் காது அடைத்தது. இடது காதுக்குத் தலையைத் திருப்ப மறுத்துவிட்டாள். என் சட்டைப் பையிலிருந்த 17C போர்டிங் பாஸைக் கையில் கொடுத்தேன். அதைக் கசக்கிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் ஆசாரி வேலையை முடித்துவிட்டார். 11:48. நெற்றியில் எனக்கு யாரோ சந்தனம் வைத்தார்கள். மாமன் மாலை போட்டார்கள். என் அம்மா அழுதுகொண்டே சர்க்கரையை என் வாயில் திணித்தாள், குழந்தைக்குக் கொடுக்க வேண்டியதை.

கவிதா அப்போதுதான் பேசினாள். என்னிடம் அல்ல, போட்டோக்காரரிடம். "அண்ணன் முகம் நல்லாத் தெரியற மாதிரி இன்னும் ரெண்டு எடுங்க" என்றாள். பிறகு என் பக்கத்தில் மணையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள் என் தோளில் இடித்தது. அதை அவள் விலக்கவில்லை, நானும் விலக்கவில்லை. இரண்டுக்குப் பதில் பத்துப் படம் எடுத்திருப்பார்.

பந்தியில் எங்கள் பயணக்கதைதான். மலர் வேனில் வந்து ஏறியதை நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் இலையைத் தள்ளிவைத்துவிட்டு, "அந்தத் தம்பிகிட்டச் சொல்லி எங்களுக்கும் டெல்லிக்கு நாலு பாஸ் வாங்கிக் குடுங்களேன், காசு வேணா குடுத்துடறோம்" என்றார். அதை விற்கக்கூடாது, விற்றால் அவன் வேலையே போய்விடும் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் நம்ப வேண்டும். பாஸை விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நண்பர் தானாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நானாகக் கேட்டது ஒரு தடவைதான், இன்னொரு தடவை கேட்க மாட்டேன்.

நான் செய்ததைப் பின்பற்றவும் சொல்ல மாட்டேன். நேரம் தவறக்கூடாத காரியத்துக்கு ஸ்டாண்ட்பையை நம்புவது தவறுதான். ஜெயித்துவிட்டதால் அது சரியாகிவிடாது. எனக்கு வேறு வழி இல்லை, போனேன். உங்களுக்கு ஒரு நாள் முன்னால் கிளம்ப முடிந்தால் கிளம்புங்கள். முகூர்த்த நாள், நீண்ட வாரஇறுதி, தீபாவளி பொங்கல் பக்கமே வேண்டாம். செவ்வாய், புதன் மதிய விமானங்கள் நல்லது என்பான் பிரபு. கடைசி விமானத்துக்குக் காத்திருக்காதீர்கள், முதல் விமானத்துக்குப் போய் நில்லுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்தது இருக்கும். இருவராகப் போனால், ஓர் இடம்தான் என்று சொன்னால் யார் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முக்கியமான பொருள் அவர் பையில் இருக்கட்டும். செருப்பு, அரைக்கால் சட்டை வேண்டாம். பஸ் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் திரும்பும்போது திருச்சி மன்னார்புரத்தில் மலரின் அக்கா வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு, காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் ரயிலில் போனோம். அந்தப் படுக்கை எண்ணைப் பார்ப்பதே சுகமாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு ரங்கநாதரைச் சேவிக்கப் போனோம். பொது வரிசையில் ஒரு மணி நாற்பது நிமிடம். முன்னால் நின்ற, நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணம் இட்ட மாமி, "இத்தனை நாழி நின்னாச்சு, இன்னும் செத்த நேரம்தான், பெருமாள் நன்னா சேவை சாதிப்பார்" என்று மலரிடம் சொன்னார். காலையிலிருந்து காத்திருந்தே பழகிவிட்டதால் எங்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்து, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு பிரபுவுக்கு போன் செய்தேன். காலையிலிருந்து அவன் அழைக்கவேயில்லை. எங்களுக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் சும்மா இருந்திருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். கெஞ்சவில்லை என்பதையும் சொன்னேன். மலர் கையைப் பிடித்து உட்காரவைத்ததை மட்டும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு சிரித்தான்.

"ஏழு வருஷமா எல்லாருக்கும் பாஸ் குடுக்கறேன் மாப்ள. ஒருத்தன் பாதி வழியில பஸ் ஏறுவான், ஒருத்தன் திரும்பி வீட்டுக்குப் போவான். ரெண்டு பேரா கிளம்பி, ரெண்டு பேரும், நேரத்துக்குப் போயிச் சேந்தது நீங்க மட்டும்தான்டா."